காவிரியில் ஓடிய புளுஸ் ஆறு

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தை அடுத்த ஒரு கித்தா (ரப்பர்) தோட்டத்தில் வளர்ந்த நான் பதின்மூன்று வயதில் படித்த நாவல் ஒன்றில், காவிரிக் கரைச் சிறுவன் ஒருவன் வீட்டாரிடம் கோபித்துக்கொண்டு, விடியுமுன் மழையில் தனியே நடந்து போகும் காட்சி வரும். நாற்பது ஆண்டுகளாக அக்காட்சி என் மனத்தில் மங்காமல் இருந்தது. நிரை நிரையாக மரங்கள், மரப்பால் பிடிக்கும் மங்குகளைக் கவிழ்த்துவைத்திருக்க அவற்றின் மேல் மழைத்துளி தெறிக்கும் ஓசை, தொலைவில் தொழிலாளர் குடியிருப்பான லயத்துத் தகரக் கூரைகளின் இரைச்சல் என எல்லாமே துல்லியமாக நினைவில் இருந்தன. சென்ற ஆண்டு அந்நாவலை மீண்டும் எடுத்துப் பார்த்தபோது, மழை பெய்தது என்பதும் அவன் நிற்காமல் நடந்தான் என்பதும் மட்டுமே அங்கே இரண்டு வரிகளில் இருந்தன. மரமும் இல்லை, மங்கும் இல்லை. தஞ்சை வயல்வெளியில் கித்தா மரம் எங்கிருந்து வரும்?

இதை மறதி என்று சொல்லிவிட முடியாது, ஏனெனில் நான் எதையும் இழக்கவில்லை, இல்லாததைச் சேர்த்திருக்கிறேன். கேம்பிரிட்ஜ் உளவியலாளர் ஃபிரெடெரிக் பார்ட்லெட் 1932-இல் வெளியிட்ட நூலில் இத்தகைய மாற்றங்களை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றை அவர் இங்கிலாந்து வாசகர்களிடம் கொடுத்துப் படிக்கச் செய்து, சிறிது நேரம் கழித்தும், பிறகு நாட்களும் மாதங்களும் கடந்தும், நினைவிலிருந்து எழுதச் சொன்னார். மரத்தோணி சாதாரணப் படகாயிற்று. கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாயிற்று. பழக்கமில்லாத பொருள் வந்த இடத்தில் பழகிய பொருள் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. நாம் ஏற்கெனவே அறிந்தவற்றால் ஆன மனச்சட்டகம் ஒன்றின் உதவியோடு, நினைவு ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுகிறது என்பது அவர் கண்ட முடிவு.

கதைப் படிப்பில் இந்தக் கட்டுமானம் முதல் வாசிப்பிலேயே தொடங்கிவிடுகிறது. வாக்கியத்தின் சொற்கள் மனத்தில் நெடுநேரம் தங்குவதில்லை. மொழி உளவியலாளர் ஜாக்குலின் சாக்ஸ் 1967-இல் நடத்திய சோதனையில், ஒரு வாக்கியத்தைக் கேட்டு ஏறத்தாழ 80 அசைகள் கடந்த பிறகு, அதன் சொல்லமைப்பு மாற்றப்பட்டிருந்தால் பெரும்பாலோரால் கண்டுபிடிக்க முடியவில்லை. பொருள் மாற்றப்பட்டிருந்தால் மட்டும் எளிதில் கண்டுபிடித்தார்கள். அதாவது சொற்கள் உதிர்ந்துவிட, அவை எழுப்பிய காட்சி மட்டும் எஞ்சுகிறது. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், கதை படிப்போரின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தபோது, பாத்திரம் ஒரு பொருளைக் கையில் எடுக்கும் இடத்தில், நாம் கையால் பற்றும்போது இயங்கும் பகுதிகளோடு தொடர்புடைய இடங்கள் செயல்பட்டன. எழுதியவர் சொல்லாமல் விட்டதை வாசகர் தம் உடல் அறிந்ததைக் கொண்டு நிரப்புகிறார் என்று இதிலிருந்து ஊகிக்கலாம். நான் அறிந்த விடியற்காலை என்பது பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்புக்கு, போகும் விடியற்காலை. நான் அறிந்த ஆறு எங்கள் ஊர்ப் பக்கத்துப் புளுஸ் ஆறு. காவிரி என்று அச்சிட்டிருந்த இடத்திலெல்லாம் அந்தக் கலங்கிய மஞ்சள் நீர்தான் ஓடியது.

பதின்மூன்று வயதில் படித்தது மட்டும் ஏன் இவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்ற கேள்வி இருக்கிறது. நடுவயதைக் கடந்தவர்களிடம் வாழ்க்கை நிகழ்ச்சிகளைக் கேட்டால், ஏறக்குறைய பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட காலத்தவையே அளவுக்கு மிஞ்சி வருகின்றன. வரைபடத்தில் அது ஒரு மேடாகத் தெரியும். உளவியலாளர் ஸ்டீவ் யான்சன் முதலியோர் 2007-இல், தமக்கு மிகப் பிடித்த புத்தகங்களையும் திரைப்படங்களையும் இசைத்தட்டுகளையும் முதலில் எப்போது அறிந்தார்கள் என்று பலரிடம் கேட்டபோது, மூன்றிலுமே அந்த மேடு தென்பட்டது. ஆனால் அது மிக உயர்ந்து நின்றது இசையில்தான். ஒரு பாட்டைக் கணக்கில்லாமல் கேட்கிறோம், ஒரு புத்தகத்தையோ இரண்டு மூன்று முறைதான் படிக்கிறோம் என்று அவர்கள் காரணம் சொல்கிறார்கள். இளமையில் பதிவு வலுவாக விழுகிறது. திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பது அதை மேலும் உயர்த்துகிறது. இந்தக் கணக்கு தோட்டத்துப் பிள்ளைகளுக்கு முழுதாகப் பொருந்தாது என்பது என் எண்ணம். எங்கள் வீட்டில் இருந்தவை நான்கே புத்தகங்கள். அட்டை கிழிந்து, நடுவே கரையான் அரித்த அந்த நாவலை நான் பாட்டுக் கேட்பது போலத்தான் படித்தேன்.

உண்மை தெரிந்த பிறகு காட்சி திருந்திவிடும் என்று எதிர்பார்த்தேன். அந்த இரண்டு வரிகளை மறுபடியும் மறுபடியும் படித்து, வயல்வெளியை வரவழைக்க முயன்றேன். வயல் வருகிறது, அதன் ஓரத்தில் வெட்டுப்பட்ட பட்டையும் கவிழ்ந்த மங்குமாக ஒரு மரம் வந்து நின்றுகொள்கிறது. எங்கள் தோட்டத்தில் இப்போது கித்தா மரம் ஒன்றுகூட இல்லை; எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை.