உப்பை மறந்த திருக்கைகள்

நாள்பட்ட திருக்கையை மீன் சந்தையில் மூக்கே காட்டிக் கொடுத்துவிடும். அமோனியா நெடி அடிக்கும். நாம் சிறுநீரில் கழித்துவிடும் யூரியாவைக் கடல் திருக்கையும் சுறாவும் இரத்தத்தில் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. மீன் செத்த பிறகு பாக்டீரியாக்கள் அதை அமோனியாவாக உடைக்கின்றன.

யூரியாவைச் சேர்த்து வைக்கக் காரணம் கடல்தான். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. உடலுக்குள் இருக்கும் கரைசல் அதைவிட நீர்த்திருந்தால், செவுள் வழியே நீர் வெளியே இழுபட்டுக்கொண்டே இருக்கும். வஞ்சிரம் போன்ற எலும்பு மீன்கள் கடல்நீரைக் குடித்து, உப்பை மட்டும் வெளியே தள்ளிச் சமாளிக்கின்றன. திருக்கையோ நம் இரத்தத்தில் இருப்பதைப்போல ஐம்பது மடங்குக்கும் மேல் யூரியாவை நிறைத்து, உள்செறிவைக் கடலைவிடச் சற்றே உயர்த்தி வைக்கிறது. அவ்வளவு யூரியா புரதங்களைக் குலைத்துவிடும் என்பதால், அதை ஈடுகட்ட டிரைமெதிலமின் ஆக்சைடு என்ற பொருளையும் கூடவே வைத்திருக்கிறது. மிஞ்சும் உப்பை மலக்குடல் சுரப்பி வெளியேற்றுகிறது.

வண்ணமீன் கடைகளுக்கு வரும் நன்னீர்த் திருக்கைகள் பெரும்பாலும் தென்னமெரிக்காவின் பொட்டாமோட்ரைகன் இனத்தவை. அமேசான், ஒரினோகோ, பரானா ஆறுகள் அவற்றின் ஊர். கறுப்புடலில் வெள்ளைப் பொட்டு வைத்த லியோபோல்டி, பிரேசிலின் ஷிங்கு ஆற்றுப் பகுதியைச் சேர்ந்தது. இவற்றின் மூதாதையர் கடலில் இருந்து வந்தவர்கள். ஆனால் இவற்றின் இரத்தத்தில் யூரியா ஏறக்குறைய இல்லை என்று தாமஸ் தோர்சன் குழுவினர் 1967-ல் காட்டினார்கள். மலக்குடல் சுரப்பியும் சுருங்கிப் போயிருக்கிறது. கழிவு நைட்ரஜன் பெரும்பாலும் நேராக அமோனியாவாகவே வெளியேறுகிறது.

நன்னீர்த் தொட்டிகளில் வளர்க்கும் மோலி மீனைக் கொஞ்சம் கொஞ்சமாக உப்பு கூட்டிக் கடல்நீருக்கே பழக்கிவிடலாம். பொட்டாமோட்ரைகனிடம் அது நடக்காது: உப்பு நீரில் விட்டாலும் யூரியாவைச் சேர்க்கும் திறன் திரும்புவதில்லை. எல்லாத் திருக்கையும் இப்படியல்ல. ஃபுளோரிடாவின் செயின்ட் ஜான்ஸ் ஆற்றிலேயே குட்டிபோட்டு வாழும் அட்லாண்டிக் திருக்கை, யூரியாவை இன்னும் கைவிடவில்லை.

தொட்டியில் நன்னீர்த் திருக்கைக்கும் கடல் திருக்கைக்கும் பொது எதிரி அமோனியா. அதன் நஞ்சு நீரின் பி.எச். அளவை, அதாவது அமில-காரத் தன்மையைப் பொறுத்தது. 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 உள்ள நீரில், மொத்த அமோனியாவில் நச்சு வடிவம் அரை சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும், 8.2 உள்ள கடல்நீரில் அது பத்து மடங்குக்கும் மேல். அதனால் கடல் தொட்டியில் வடிகட்டி நன்றாகப் பழுத்த பிறகே, அதாவது அமோனியாவை மாற்றும் பாக்டீரியாக்கள் அதில் பெருகிய பிறகே, திருக்கையை விட வேண்டும். நன்னீர்த் தொட்டியில் ஆபத்து வேறு வடிவில் வரும். அமிலத்தன்மை மிக்க நீரில் அமோனியா பெரும்பாலும் அமோனியம் என்ற நஞ்சு குறைந்த வடிவில் தேங்கிக் கிடக்கும்; அது அதிகம் துன்புறுத்தாது. காரத்தன்மை உள்ள போர்வெல் நீரை ஒரேயடியாக ஊற்றினால் அதில் ஒரு பங்கு சட்டென்று நஞ்சாகிவிடும். நீர் மாற்றுவதைச் சிறுகச் சிறுக, அடிக்கடி செய்வதே நல்லது.

தொட்டிக்கு உயரம் முக்கியமல்ல, தரைப்பரப்புதான் முக்கியம். பொட்டாமோட்ரைகன் வகைகளில் ஒன்றான மோட்டோரோ அரை மீட்டர் அகலத்துக்கு வளரும். ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் இல்லாத தொட்டியில் அதை விடுவது கொடுமை என்றே சொல்வேன். அடியில் மென்மணல் வேண்டும், கூரான சரளை வயிற்றைக் கிழிக்கும். ஹீட்டருக்குக் கட்டாயம் உறை போட வேண்டும். திருக்கை அதன்மேல் படுத்து வெந்துபோவதுண்டு. நன்னீரோ கடல்நீரோ, தாமிரம் கலந்த மருந்து திருக்கைத் தொட்டியில் கூடவே கூடாது.

கடல் வகைகளில் எல்லோருக்கும் ஆசை நீலப்புள்ளித் திருக்கைமீதுதான். பிடிபட்டவற்றில் பல தீனி எடுக்காமலே செத்துப்போகின்றன; அதைப் பவளப்பாறையிலேயே விட்டுவிடலாம். வேறு எந்தத் திருக்கை வாங்கினாலும், பணம் கொடுக்கும் முன் கடைக்காரரைக் கண்ணெதிரே இறால் போடச் சொல்லுங்கள். தின்னாவிட்டால் வாங்காதீர்கள்.