எதிர்மின்னி நுண்ணோக்கி

மொரீஷியஸில் அறிவியலைப் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் படித்துவிட்டுத் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகள், 'மைக்ரோஸ்கோப் எலெக்த்ரோனிக்' என்பதை 'மின்னணு நுண்ணோக்கி' என்று எழுதிவிடுகிறார்கள். ரோஸ் ஹில்லில் என்னிடம் படிக்கும் மாணவி ஒருத்தி மலேரியா பற்றிய கட்டுரையில் அப்படித்தான் எழுதியிருந்தாள். பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். பிரெஞ்சில் எலக்ட்ரானுக்கும் எலக்ட்ரானிக் பொருளுக்கும் அடைமொழி ஒன்றுதான். தமிழிலோ 'மின்னணு' என்றால் கணினியும் கைப்பேசியும் நினைவுக்கு வரும். போதாக்குறைக்கு, எலக்ட்ரான் அணுவே அல்ல. அணுவுக்குள் இருக்கும் துகள்.

'எலெக்ட்ரான்' கிரேக்கத்தில் அம்பரைக் குறிக்கும். காலங்காலமாக இறுகிய அந்த மரப்பிசினைத் தேய்த்தால் துரும்பை இழுக்கும். அப்பெயரை 1891-இல் மின்னூட்டத்தின் அடிப்படை அலகுக்குச் சூட்டியவர் அயர்லாந்து இயற்பியலாளர் ஸ்டோனி. இலங்கைத் தமிழர் 'இலத்திரன் நுணுக்குக்காட்டி' என்பார்கள். காதுக்கு இனிய சொல், ஆனால் பொருள் விளங்காது. எலக்ட்ரான் எதிர் மின்னூட்டம் உடையது, அதனால் எதிர்மின்னி. நான் இதையே எழுதச் சொல்கிறேன். 'நுண்ணோக்கி'யில் சிக்கல் இல்லை.

1931-இல் பெர்லினில் ருஸ்கா, க்னோல் என்ற பொறியாளர்கள் நுண்ணோக்கியில் ஒளிக்குப் பதில் எதிர்மின்னிக் கற்றையைப் பயன்படுத்தினார்கள். ஒளி நுண்ணோக்கியில் சுமார் 200 நானோமீட்டருக்கும் (நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) நெருங்கிய புள்ளிகள் பிரிந்து தெரியா. மாணவி எழுதிய மலேரியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1867-இல் எங்கள் தலைநகர் போர்ட் லூயியைச் சூறையாடிய அந்தக் காய்ச்சலுக்கு அன்று காரணம் தெரியாது. அதற்குக் காரணமான ஒட்டுண்ணியைப் பிரெஞ்சு மருத்துவர் லவரான் கண்டது 1880-இல், ஒளி நுண்ணோக்கியில். ஒட்டுண்ணி தெரிந்தது, அதன் சூழ்ச்சி தெரியவில்லை.

ஃபால்சிபாரம் என்ற கொடிய மலேரியா ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணுவை எதிர்மின்னி நுண்ணோக்கியில் பாருங்கள்: மேற்பரப்பெங்கும் பலாப்பழத் தோல்போலப் புடைப்புகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 100 நானோமீட்டர். அவற்றின் மேல் இருக்கும் புரதம்தான் சிவப்பணுவை இரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டவைக்கிறது. மூளையின் நுண்குழாய்கள் இப்படி அடைபட்டால் உயிருக்கே ஆபத்து. ஒட்டுகிறது, உள்ளே ஹீமோகுளோபினை உண்கிறது: 'ஒட்டுண்ணி' என்ற நம் சொல் இதற்கு எவ்வளவு பொருத்தம்!

அந்தப் புரதம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க, அதை மட்டும் பற்றும் எதிர்ப்பொருளில் (நோயை எதிர்க்க உடல் உண்டாக்கும் வகைப் புரதம் அது) சில நானோமீட்டர் அளவுள்ள தங்கமணிகளைக் கோத்து விடுவார்கள். சிவப்பணுவின் மெல்லிய சீவலின் ஊடே பாயும் எதிர்மின்னிகள் தங்கத்தில் மோதிச் சிதறும். அவ்விடம் படத்தில் கறுப்புப் பொட்டாக விழும். இந்த வரிகளில் எதிர்மின்னியை எடுத்துவிட்டு 'மின்னணு' என்று போட்டால் எது சிதறுகிறது என்றே புரியாது. மாணவியிடம் இதைத்தான் வாசித்துக் காட்டினேன். அவளே அடித்துத் திருத்தினாள்.