குஞ்சின் தலை உயரத்தில் அளந்து பாருங்கள்

தை மாத விடியற்காலை. சேலம் மாவட்டம் வாழப்பாடி பக்கம் ஒரு கறிக்கோழிப் பண்ணை. படுதாவை விலக்கி உள்ளே போனதுமே எனக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் அக்காவோ குஞ்சுகளுக்கு நடுவில் நிதானமாகத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தார்.

"நாத்தம் தெரியலையா அக்கா?"

"ஒன்னும் இல்லீங்களே சார்."

அவருடைய கண்கள் சிவந்திருந்தன. அவர் பொய் சொல்லவில்லை. எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா வாயுவுக்குள்ளேயே நாள் முழுக்க நிற்கிறவர்களின் மூக்கு அதற்குப் பழகி, வாடையைச் சொல்வதை நிறுத்திவிடும். கால்நடை மருத்துவராகப் பண்ணைகளுக்குப் போகும்போது நான் பையில் அம்மோனியா மீட்டர் வைத்திருப்பது இதற்காகத்தான்.

அன்று என் மூக்கு உயரத்தில் பிடித்தபோது 19 பிபிஎம், அதாவது காற்றின் பத்து லட்சம் பங்கில் 19 பங்கு அம்மோனியா. குனிந்து குஞ்சின் தலை உயரத்துக்கு இறக்கினேன்: 34. அம்மோனியா காற்றைவிட லேசானதுதான். ஆனால் அது பிறப்பது தரையில். எச்சத்தில் உள்ள யூரிக் அமிலத்தை ஈரமும் சூடும் சேர்ந்தால் நுண்ணுயிரிகள் உடைத்து அம்மோனியாவாக்கும். குளிருக்குப் பயந்து படுதாவை இறக்கிவிட்டால் காற்று அசையாது. பிறந்த இடத்திலேயே தேங்கும். நாம் நின்றபடி அளந்து "பரவாயில்லை" என்று போய்விடுகிறோம். குஞ்சு அந்த 34-ஐ மூச்சாக இழுத்துக்கொண்டிருக்கிறது.

கொட்டகைக்குள் 25 பிபிஎம்மைத் தாண்டக்கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. 20 பிபிஎம்மே நாள்கணக்கில் நீடித்தால் மூச்சுக்குழாயின் நுண்மயிர்கள் கெட்டு, சளிநோயும் வெள்ளைக்கழிச்சலும் எளிதாகத் தொற்றும். கண்ணை மூடிக்கொண்டு மூலையில் நிற்கும் குஞ்சுகளைப் பார்த்ததும் பலர் மருந்துக்கடைக்கு ஓடுகிறார்கள். முதலில் தரையைப் பாருங்கள் என்று அவர்களிடம் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன். தரையில் பரப்பியிருக்கும் படுக்கையை லிட்டர் என்போம்; அதில் ஒரு கைப்பிடி எடுத்துப் பிழியுங்கள். கட்டியாகவே நின்றால் ஈரம் அதிகம். பெரும்பாலும் மேலே கோழி தண்ணீர் குடிக்கும் நிப்பிள் ஒன்று ஒழுகிக்கொண்டிருக்கும்.

ஈரத்துக்குச் சுண்ணாம்பு தூவும் பழக்கம் நம் பக்கம் நிறைய. குஞ்சுகள் உள்ளே இருக்கும்போது அதைச் செய்யாதீர்கள். சுண்ணாம்பு காரத்தன்மையைக் கூட்டும். எருவில் அடங்கிக் கிடந்த அம்மோனியா குபுகுபுவென்று கிளம்பும். சூப்பர் பாஸ்பேட் உரம் அதற்கு நேர்மாறு, அம்மோனியாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாட்டுக்கொட்டகையில் வேலை இன்னும் சுலபம்: மூத்திரமும் சாணமும் கலக்காமல் தரைச் சரிவு இருந்தாலே பாதி குறையும்.

சரி, கொட்டகைக்கு வெளியே? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-இல் வெளியிட்ட தேசியக் காற்றுத்தர அளவுகளில் உள்ள 12 மாசுகளில் அம்மோனியாவும் ஒன்று. ஒரு கன மீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரி 400 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரி 100 மைக்ரோகிராம் என்பது வரம்பு. 25 பிபிஎம் என்பது இந்தக் கணக்கில் சுமார் 17,000 மைக்ரோகிராம். பண்ணையை விட்டு விலக விலக இது வேகமாகக் குறையும். அதனால்தான் நகரத்துக் கண்காணிப்பு நிலையத்தின் எண்ணை வைத்து ஆத்தூர்ப் பண்ணைப் பக்கத்து வீட்டின் காற்றைச் சொல்ல முடியாது. பண்ணையை ஒட்டியே குடும்பத்தோடு தங்கியிருக்கும் கூலிக்காரர்களின் குழந்தைகளை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை. அவர்கள் வீட்டு வாசலில் யாரும் கருவி வைப்பதில்லை.

தொலைவுக்குப் போகும் அம்மோனியாவும் சும்மா போவதில்லை. வண்டிப்புகை, அனல்மின் நிலையப் புகையில் உள்ள அமில வாயுக்களோடு சேர்ந்து அம்மோனியம் சல்பேட், நைட்ரேட் என்ற நுண்துகள்களாகிறது. சேர்வராயன், கஞ்சமலை, ஜருகுமலை, நகரமலை என்று மலைகள் சூழ்ந்த கிண்ணத்தில் இருக்கிறது சேலம். குளிர்காலக் காலையில் மேலே வெப்பக்காற்று மூடிபோல் நின்றுகொண்டால் கீழே உள்ளது வெளியேறாது. மலையில் மரப்பட்டைகளில் வளரும் கற்பாசிகளுக்கு ஒரு கன மீட்டரில் 1 மைக்ரோகிராம் அம்மோனியாவே அதிகம் என்பது ஐரோப்பிய ஆய்வாளர்கள் வகுத்த வரம்பு. ஏற்காட்டு மரங்களில் அவற்றைக் கணக்கெடுப்பதும் ஒரு கண்காணிப்பு என்றே நான் நினைக்கிறேன்.

அளப்பதற்கு எல்லோரும் விலை உயர்ந்த மீட்டர் வாங்க வேண்டியதில்லை. அம்மோனியா சோதனைத் தாளைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்துக் காட்டினால் நிறம் மாறி உத்தேச அளவைச் சொல்லும். காற்றை உள்ளே இழுத்து நிறமாற்றத்தைப் பார்க்கும் கண்ணாடிக் குழாய் இன்னும் துல்லியம். இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் எம்கியூ-135 சென்சாரை நம்ப வேண்டாம். புகைக்கும் ஸ்பிரிட்டுக்கும்கூட அது எகிறும். மீட்டரே வைத்திருந்தாலும் அவ்வப்போது அளவு தெரிந்த வாயுவோடு சரிபார்க்காவிட்டால் அது காட்டும் எண்ணுக்கு மதிப்பில்லை. விடியற்காலையில், படுதா திறக்கும் முன், நடுவிலும் இரண்டு மூலைகளிலும் குஞ்சின் உயரத்தில் அளந்து எழுதி வையுங்கள்.

அன்று மேற்கூரைக்குக் கீழே படுதாவை ஒரு முழம் திறந்துவிட்டு, நனைந்த லிட்டரை அள்ளிப் போட்டு, காய்ந்த தென்னை நார்மஞ்சி பரப்பினோம். அக்கா இப்போது ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வருகிறார். போன முறை போனபோது நடுவில் 12, வடக்கு மூலையில் 21 என்று இருந்தது. அந்த மூலைக் குழாய்க்கு இன்னும் பிளம்பர் வரவில்லை என்றார். கீழே ஒரு வாளி வைத்திருந்தார்.