மஞ்சள் தண்ணீர், மஞ்சள் புட்டி

மலேசியாவின் பட்டர்வொர்த் வாசகி ஒருவர் கேட்கிறார்: “தண்ணீர்த் தடை முடிந்து குழாயைத் திறந்தால் மஞ்சளாக வருகிறது. கிருமி கலந்துவிட்டதா?” 2024 ஜனவரியில் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றத் தண்ணீரை நிறுத்தினார்களே, அப்போதும் இரண்டு மூன்று பேர் என்னிடம் இதையேதான் கேட்டார்கள்.

பெரும்பாலும் அது துரு. குழாயின் அடியில் படிந்திருந்த வண்டல், தண்ணீர் மறுபடி வேகமெடுக்கும்போது கலங்கி வருகிறது. கொஞ்ச நேரம் திறந்துவிட்டால் தெளிந்துவிடும். பளிங்கு போன்ற தண்ணீரிலும் கிருமி இருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது.

அதைக் கண்டுபிடிக்க டைபாய்டு, காலரா என்று ஒவ்வொரு நோய்க்கிருமியாகத் தேடினால் மாளாது. அதனால் குடலில் ஏராளமாக வாழும், வளர்த்துப் பார்க்கவும் எளிதான கோலிஃபார்ம் என்னும் பாக்டீரியாக் கூட்டத்தைத் தேடுகிறார்கள். மாதிரி 100 மில்லிலிட்டர். புட்டிக்குள் முன்கூட்டியே, குழாய்த் தண்ணீரின் குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட் கொஞ்சம் இருக்கும். ஆய்வகம் போய்ச் சேருவதற்குள் குளோரின் கிருமியைக் கொன்றுவிட்டால் விடை பொய்யாகிவிடுமே!

இனிதான் எனக்குப் பிடித்த இடம். பால் சர்க்கரையை வெட்டித் தின்ன கோலிஃபார்மிடம் ஒரு கத்தரி உண்டு. பீட்டா கேலக்டோசிடேஸ் என்னும் நொதி. ஆய்வகத்தில் அதற்கு ஒரு போலித் தீனி வைக்கிறார்கள். கேலக்டோஸ் சர்க்கரையோடு நைட்ரோஃபீனால் என்ற சாயத்தைக் கட்டிவைத்தது அது. கட்டுண்டிருக்கும்வரை சாயத்துக்கு நிறமில்லை. பசித்த பாக்டீரியா சர்க்கரைக்காகக் கட்டை வெட்டியதும் சாயம் விடுபட்டு மஞ்சளாகிறது. 35 டிகிரி வெப்பத்தில் 24 மணி நேரம் வைத்தால், ஒற்றைக் கிருமியும் பெருகிப் புட்டி முழுவதையும் மஞ்சளாக்கிவிடும். திருடன் தானே விளக்கைப் போட்டுக்கொள்கிற மாதிரி!

மஞ்சள் மட்டும் போதாது. சில கோலிஃபார்ம்கள் மண்ணிலும் வாழ்பவை. அதனால் கூடவே இரண்டாவது தீனி. அதை வெட்டும் கத்தரி, இந்தக் கூட்டத்தில் பெரும்பாலும் குடல்வாசியான இ.கோலை பாக்டீரியாவிடம்தான் உண்டு. வெட்டினால் புற ஊதா விளக்கில் புட்டி நீலமாக ஒளிரும். மஞ்சளும் நீலமும் சேர்ந்தால், மலம் கலந்திருக்கிறது என்று பொருள். இதில் ஒரு வேடிக்கை: ஆளைக் கொல்லக்கூடிய ஓ157 வகை இ.கோலை பெரும்பாலும் ஒளிர்வதே இல்லை. ஆனால் மலத்தில் அது தனியாக வராது, ஒளிரும் உறவினரோடுதான் வரும்.

மலேசியத் தர அளவுப்படி 100 மில்லிலிட்டரில் ஒரு இ.கோலைகூட இருக்கக்கூடாது. அமெரிக்க விதியில், கோலிஃபார்ம் தென்பட்டால் 24 மணி நேரத்துக்குள் அதே குழாயிலும், தண்ணீர் வரும் பாதையில் அதற்கு முன்னும் பின்னும் உள்ள குழாய்களிலும் மறுமாதிரி எடுக்க வேண்டும். கசிவு எந்தப் பக்கம் என்று பிடிக்கத்தான்.

அப்புறம், வடிகட்டி விற்க வந்த ஒருவர் என் அத்தையின் குழாய்த் தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சினார். தண்ணீர் சாக்கடைப் பழுப்பானது. அவர் வடிகட்டிய தண்ணீர் தெளிவாகவே இருந்தது. அத்தை வாயடைத்துப் போனார். பழுப்பு, கம்பியிலிருந்து கரைந்த இரும்பு! வடிகட்டிய நீரில் மின்சாரம் கடத்த உப்பு இல்லை, அதனால் அங்கே கம்பி கரையவில்லை. என்னைக் கேட்டால், இதற்கும் எலுமிச்சம்பழத்தில் ரத்தம் வரவழைப்பதற்கும் வித்தியாசமில்லை.

அத்தை வாங்கிய வடிகட்டியிலோ உள்ளிருக்கும் கரி, குளோரினை உறிஞ்சிவிடுகிறது. மாற்றாமல் விட்டால் கிருமிகள் அதற்குள்ளேயே குடித்தனம் நடத்தும். அத்தை அந்தக் கரியை மாற்றி மூன்று வருடமாகிறது. அந்தத் தண்ணீரில் ஒரு புட்டி கேட்டுக்கொண்டே இருக்கிறேன். தர மாட்டேன் என்கிறார்.