கம்பைலருக்கும் பதம் பார்க்க வேண்டும்

அகஸ்தீஸ்வரம் பக்கம் கருப்பட்டி காய்ச்சுகிறவர்கள், பாகு கொதிக்கும்போது ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விடுவார்கள். கரைந்தால் பதம் வரவில்லை. திரண்டால் சிரட்டையில் ஊற்றலாம். எவ்வளவு நேரம் கொதித்தது என்பதெல்லாம் அங்கே கணக்கில்லை. சி மொழியில் எழுதிய மென்பொருளைக் கணினியில் உருவாக்குமுன், அங்கே என்னென்ன வசதி உண்டு என்று பார்க்க ஓடும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டும், கம்பைலரின் (நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் கருவியின்) பெயரையோ வெர்ஷனையோ நம்புவதில்லை. ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிறது.

காரணம் உண்டு. இந்த ஸ்கிரிப்டைத் தானாக எழுதித் தரும் ஆட்டோகான்ஃபை டேவிட் மெக்கென்சி தொடங்கியது 1991இல். சி மொழிக்கு ஆன்சி என்ற அமெரிக்கத் தர அமைப்பின் தரம் 1989இலேயே வந்துவிட்டது. ஆனாலும் ஹெச்பி-யூஎக்ஸ் போன்ற யூனிக்ஸ் இயங்குதளங்களோடு வந்த சிசி என்ற கம்பைலர், தரத்துக்கு முந்தைய பழைய சி மட்டும்தான் அறியும். பெயர் ஒன்று, திறமை வேறு.

சோதனை எளிது. மெயின் என்ற தொடக்க ஃபங்ஷன் மட்டும் உள்ள கான்ஃப்டெஸ்ட்.சி என்ற குட்டி நிரலை எழுதி, கம்பைல் செய்து, லிங்க் செய்து (துண்டுகளை ஒரே நிரலாக இணைத்து), ஓட்டிப் பார்க்கும். அப்புறம் சி99, சி11 என்ற பிந்தைய தரங்களின் அம்சங்களை வைத்த நிரல்கள். ஏற்கவில்லையென்றால் கூடுதல் ஆப்ஷன் கொடுத்து மறுபடியும் முயலும்.

வேறு வகைக் கருவிக்காகக் கம்பைல் செய்யும்போது, அந்த நிரலை இந்தக் கணினியில் ஓட்டிப் பார்க்க வழியில்லை. அப்போது ‘லாங் என்ற எண் வகை 8 பைட்டா?’ என்று எப்படிக் கேட்பது? ஒரு அரேயை (மதிப்புகளின் வரிசையை) அறிவிக்கும். அதன் அளவு, பதில் ஆம் என்றால் 1, இல்லை என்றால் -1. அளவு மைனஸ் ஆனால் கம்பைலர் பிழை சொல்லியே தீரும். அந்தப் பிழைதான் பதில். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத நுட்பம் இது.

ஆனால் சோதனை நிரலே பழசாக இருந்தால்? 2024இல் வந்த ஜிசிசி கம்பைலரின் 14ஆம் வெர்ஷன், அறிவிக்காத ஃபங்ஷனை அழைப்பதைப் பிழையாக்கியது. அதுவரை அது வெறும் எச்சரிக்கை. அப்படி எழுதியிருந்த பழைய சோதனைகள் தோற்றன. கான்ஃபிகரோ ‘இந்த வசதி இல்லை’ என்று முடிவுகட்டி, சத்தமில்லாமல் மேலே போனது. பிழையோடு நின்றிருந்தாலாவது கவனித்திருப்போம்.

நாகர்கோவிலில் பக்கத்து வீட்டுத் தம்பி ஒருநாள் லேப்டாப்போடு வந்தான். “அண்ணே, ஜிசிசி வெர்ஷன் காட்டுது, ஆனா கான்ஃபிகர் பாதியில நிக்குது.” சோதனைகளை கான்ஃபிகர் குறித்துவைக்கும் கான்ஃபிக்.லாக் கோப்பைத் திறந்தோம். கம்பைல் சரி, லிங்க் செய்யும்போது எஸ்சிஆர்டி1.ஓ கிடைக்கவில்லை என்றிருந்தது. மெயினுக்கு முன்னால் ஓடி நிரலைத் தொடங்கிவைக்கும் துண்டு அது. அது அடங்கிய லிப்சி6-டெவ் பொதியை நிறுவிவிட்டு மறுபடி ஓட்டினான். ‘சி கம்பைலர் வேலை செய்கிறதா... ஆம்’ என்ற வரி வந்தது.