‘ரவிக்கை’ என்று யார் தேடுகிறார்கள்?

சிங்கப்பூரின் செங்காங் வட்டாரத்தில், வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டிலிருந்தே சேலை பிளவுஸ் தைக்கும் ஓர் அக்கா போன ஆண்டு தம் இணையத்தளத்தைக் காட்டி, “பார்க்க அழகாத்தான் இருக்கு தம்பி, ஆனா ஈ காக்கா வரலையே” என்றார். முகப்பில் பெரிய எழுத்தில் ‘பாரம்பரிய மகளிர் ஆடை வடிவமைப்பகம்’. உள்ளே ‘ரவிக்கைக் கலை’ என்று ஒரு பக்கம். நல்ல தமிழ்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் தேக்காவில் துணி எடுத்துவிட்டு ரயிலில் வீடு திரும்பும் பெண் கைப்பேசியில் அதையா அடிப்பார்? ‘பிளவுஸ் டெய்லர் செங்காங்’ என்று ஆங்கில எழுத்தில் தட்டுவார். அந்த மூன்று சொற்களும் அக்காவின் தளத்தில் எங்கேயும் இல்லை.

சிறு வணிகர்களின் தளங்களுக்குக் கூகல் வழியாக ஆள் வரவைப்பது என் பிழைப்பு. கீவேர்ட் ஆய்வு என்றதும் ஏதோ கணினி வித்தை என்று பலரும் மிரள்கிறார்கள். மக்கள் தேடும்போது எந்தச் சொல்லை அடிக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, அவர்கள் கேட்டதற்குப் பதில் சொல்லும் ஒரு பக்கம் எழுதுவது, அவ்வளவுதான்.

நான் முதலில் எந்தக் கருவியையும் திறப்பதில்லை. அக்காவிடம் மூன்று மாத வாட்ஸ்அப் விசாரிப்புகளைக் காட்டச் சொன்னேன். கழுத்தில் அளவு நாடாவோடு அவர் படிக்கப் படிக்க, நான் நோட்டில் எழுதினேன். ‘ரெடிமேட் பிளவுஸை லூஸ் பண்ணித் தருவீங்களா?’, ‘தீபாவளிக்கு முன்னாடி கிடைக்குமா?’, ‘ஆரி வொர்க் எவ்வளவு?’, ‘ஒரே நாள்ல முடியுமா?’ பக்கம் நிரம்பியபோது ஒன்று பளிச்சென்று தெரிந்தது: பாதிக்கு மேல் ஆல்டரேஷன் பற்றிய கேள்விகள். தளத்திலோ அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. கேட்டால், “அது சின்ன வேலை தம்பி, அதைப் போய்ப் போடுவாங்களா?”

அப்புறம்தான் கூகல். ஒவ்வொரு கேள்வியின் முதல் இரண்டு சொற்களை அடித்துவிட்டு நிறுத்தினால், மீதியைக் கூகலே எடுத்துக் கொடுக்கும். பக்கத்தின் அடியிலும் தொடர்புடைய தேடல்கள் கிடைக்கும். எல்லாம் இலவசம். எண்ணிக்கை வேண்டுமென்றால் கூகல் விளம்பரக் கணக்கில் இருக்கும் கீவேர்ட் பிளானரைப் பார்க்கலாம். அதில் இடத்தைச் சிங்கப்பூர் என்று மாற்ற மறந்துவிடாதீர்கள். இந்தியக் கணக்கைப் பார்த்துவிட்டு ‘ஆகா, எத்தனை பேர் தேடுகிறார்கள்!’ என்று பூரித்துப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். மதுரையில் தேடுபவர் செங்காங்குக்கு அளவு கொடுக்க வரமாட்டார்.

இடத்தை மாற்றியதும் எண்கள் சுருங்கும். விளம்பரத்துக்குப் பணம் செலவழிக்காத கணக்குகளுக்குத் துல்லியமான எண்ணும் வராது, ‘10 முதல் 100’ என்பதுபோல் ஒரு வீச்சுதான் வரும். இங்கேதான் பலர் சோர்ந்துபோகிறார்கள். குட்டி நாட்டில், குட்டித் தொழிலில், எண் குட்டியாகத்தான் இருக்கும். ‘பிளவுஸ் டிசைன்’ என்று தேடுபவர்களில் பெரும்பாலோர் படம் பார்க்க வந்தவர்கள். ‘பிளவுஸ் ஆல்டரேஷன் செங்காங்’ என்று அடிப்பவர் கையில் துணிப்பை இருக்கிறது. மாதத்துக்கு இப்படிப் பத்துப் பேர் போதாதா? ஒரு சொல்லைத் தேடினால் முதல் பக்கம் முழுக்கப் படங்களும் காணொளிகளும் வருகின்றனவா, அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள்.

எழுத்துக்கூட்டலையும் கவனியுங்கள். இங்கே அரசாங்க விடுமுறைப் பட்டியலில் தீபாவளி என்றே இருக்கிறது. வட இந்திய வாடிக்கையாளர்களோ திவாலி என்று அடிப்பார்கள். கூகல் டிரெண்ட்ஸில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால், எது அதிகம், எந்த வாரத்தில் ஏறத் தொடங்குகிறது என்று தெரியும். அதில் வரும் 100 என்பது நூறு பேர் அல்ல. நீங்கள் தேர்ந்தெடுத்த காலத்தின் உச்சம், அவ்வளவே.

சரி, ஓர் எச்சரிக்கை. அக்கா என்னிடம் வருவதற்கு முன் ஒரு முகவர் நிறுவனத்துக்குப் பணம் கட்டியிருந்தார். ‘முதல் பக்கத்துக்கு உத்தரவாதம்’ என்றார்களாம். அவர்கள் செய்தது, தளத்தின் நிரலில், பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாத சொற்பட்டியலான கீவேர்ட் மெட்டா டேக்கில், அறுபது சொற்களை அடுக்கியதுதான். அந்த டேக்கைத் தரவரிசைக்குத் தான் பயன்படுத்துவதில்லை என்று கூகல் 2009ஆம் ஆண்டே அறிவித்துவிட்டது. போதாதென்று, பக்கத்தின் அடியில் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக ஊர்ப் பெயர்கள் வேறு. மறைத்து எழுதுவதும் சொற்களைத் திணிப்பதும் கூகல் விதிகளில் ஸ்பேம். உதவாதது மட்டுமல்ல, தளத்தையே கீழே இழுத்துவிடும். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகலே எழுதி வைத்திருக்கிறது.

அதையெல்லாம் அழித்தோம். ஆல்டரேஷனுக்கு ஒரு பக்கம் வைத்தோம்: எத்தனை நாள், என்ன விலை, எந்த ரயில் நிலையத்திலிருந்து எப்படி வருவது. பிறகு கூகலின் சர்ச் கன்சோல் கருவியைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். எந்தச் சொல்லுக்குத் தளம் தேடலில் தலைகாட்டியது, எத்தனை முறை சொடுக்கினார்கள் என்று 16 மாதக் கணக்கு அதில் இருக்கும். இரண்டாம் பக்கத்தில் நிற்கும் சொற்கள்தான் என் கண்ணுக்கு விருந்து. அந்தப் பக்கங்களில் விடுபட்டதை எழுதிச் சேர்த்தால் முன்னே வர வாய்ப்புண்டு. மிக அரிதான தேடல்களைத் தனியுரிமைக்காகக் கூகல் காட்டாது; அதனால் கூட்டல் சரியாக வராது, பதற வேண்டாம்.

நான்கு மாதம் கழித்து அக்காவின் புகார் மாறியது: “லூஸ் பண்ணக் கேட்டே வர்றாங்க தம்பி, ஆரி வொர்க்குக்கு ஆளைக் காணோம்.” வந்தவர்களில் சிலர் தீபாவளிக்குப் பட்டுத்துணியோடு திரும்பி வந்ததைச் சொன்னபோது மட்டும் சிரித்தார்.

இந்த ஆண்டு சர்ச் கன்சோலில் நாங்கள் இருவருமே யோசிக்காத ஒரு தேடல் வந்தது: ‘இந்தியன் காஸ்ட்யூம் ஃபார் கிட்ஸ்’. ஜூலை 21 இன நல்லிணக்க நாளுக்குப் பிள்ளைகள் பள்ளிக்கு இன உடைகளில் போவார்கள் இல்லையா, அதற்காகச் சீன, மலாய்ப் பெற்றோர் தேடுவது என்று ஊகித்தோம். அக்காவுக்குக் கோபம். “பாவாடை சட்டை காஸ்ட்யூமா?” தலைப்பில் அவர்கள் சொல்லையும், அடுத்த வரியில் அக்காவின் சொல்லையும் வைத்து, மே மாதமே பக்கத்தை ஏற்றிவிட்டோம்.