பிற நாட்டின் உள்நாட்டுப் போரில் படை இறக்குவது: சட்டம் எங்கே அனுமதிக்கிறது, எங்கே தடுக்கிறது

ஒரு நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டு மக்கள் கொல்லப்படும்போது, வெளியிலிருந்து படை போக வேண்டும் என்று ஒரு தரப்பு கேட்கும். அது அவர்கள் உள்விவகாரம் என்று இன்னொரு தரப்பு தடுக்கும். இரு தரப்புமே சர்வதேசச் சட்டம் தங்கள் பக்கம் என்று சொல்லும்.

தொடக்கப் புள்ளி தடைதான். ஐ.நா. சாசனத்தின் பிரிவு 2(4), எந்த நாடும் இன்னொரு நாட்டின் ஆட்புல ஒருமைப்பாட்டுக்கோ அரசியல் சுதந்திரத்துக்கோ எதிராகப் படைபலத்தைப் பயன்படுத்தக் கூடாது, அப்படி மிரட்டவும் கூடாது என்கிறது. ஆகவே விதிவிலக்கைக் காட்ட வேண்டிய பொறுப்பு படை அனுப்பச் சொல்பவருடையது. விதிவிலக்குகள் மூன்று: அந்த நாட்டு அரசின் சம்மதம், பாதுகாப்பு கவுன்சிலின் அனுமதி, தற்காப்பு.

நடைமுறையில் அதிகம் பயன்படுவது சம்மதம். அதிகச் சச்சரவும் இதில்தான். ஓர் அரசு அழைத்தால் வெளிநாட்டுப் படை வரலாம். கிளர்ச்சிப் படை அழைத்தால் வர முடியாது. அமெரிக்காவுக்கு எதிராக நிகரகுவா தொடுத்த வழக்கில் 1986இல் சர்வதேச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. எதிர்த்தரப்பின் கோரிக்கையே போதும் என்றால் தலையிடாமை என்ற கொள்கைக்குப் பொருளே இருக்காது என்பது அதன் வாதம். கிளர்ச்சியாளர்களுக்கு ஆயுதமும் பயிற்சியும் கொடுப்பது படைபலப் பயன்பாட்டுத் தடையை மீறும் என்றும், பணம் மட்டும் கொடுப்பது அந்த அளவுக்குப் போகாவிட்டாலும் சட்டவிரோதத் தலையீடுதான் என்றும் அதே தீர்ப்பு பிரித்துக் காட்டியது. "படை அனுப்ப வேண்டாம், ஆயுதம் மட்டும் கொடுக்கலாம்" என்று நடுவழி தேடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதற்கும் சட்டத் தடை உண்டு.

அழைக்கும் அரசு உண்மையில் அரசுதானா என்பது அடுத்த கேள்வி. 2015 மார்ச்சில் ஏமன் அதிபர் ஹாதி தலைநகர் சனாவை ஏற்கெனவே இழந்திருந்தார். அவருடைய கோரிக்கையைக் காட்டித்தான் சவூதி தலைமையிலான கூட்டணி தாக்குதலைத் தொடங்கியது. நிலத்தில் கட்டுப்பாடு இல்லாதவர் சம்மதம் தர முடியுமா என்று சட்ட அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று ரஷ்யா சிரியாவில் வான்தாக்குதலைத் தொடங்கியபோது அசாத் அரசின் அழைப்பைக் காட்டியது. தலைநகரும் ஐ.நா. இருக்கையும் அந்த அரசிடமே இருந்ததால் அழைப்பின் செல்லுபடி பற்றிய கேள்வி அவ்வளவு வலுவாக எழவில்லை. ஆனால் அழைப்பு செல்லும் என்பதற்காக, அதன்பின் விழுந்த ஒவ்வொரு குண்டும் சட்டப்படி விழுந்தது என்றாகாது. பொதுமக்களைக் காக்கும் போர்ச்சட்டம் தனியாகப் பொருந்தும்.

சம்மதத்தைத் திரும்பப் பெறவும் முடியும். 1987 ஜூலை ஒப்பந்தத்தின்படி இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையை வெளியேறும்படி 1989 ஜூனில் அதிபர் பிரேமதாச கேட்டார். கடைசிப் பிரிவு கிளம்பியது 1990 மார்ச்சில். கெடு, வெளியேறும் முறை, தகராறு தீர்க்கும் வழி ஆகிய மூன்றையும் நுழையும்போதே எழுதிக்கொள்ளாவிட்டால் இப்படித்தான் இழுபறி வரும்.

இரண்டாவது வழி பாதுகாப்பு கவுன்சில். 15 உறுப்பினர்களில் 9 பேர் ஆதரிக்க வேண்டும். ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் ஒருவர்கூட எதிர்த்து வாக்களிக்கக் கூடாது. அப்படி எதிர்த்துத் தீர்மானத்தைத் தடுப்பதுதான் வீட்டோ; வாக்களிக்காமல் ஒதுங்குவது வீட்டோ ஆகாது. தீர்மானம் படை அனுமதிக்கிறதா என்பதை இரண்டு சொற்றொடர்களில் பார்க்கலாம்: "அத்தியாயம் 7இன் கீழ் செயல்பட்டு" (கட்டாய நடவடிக்கைகளுக்கான சாசன அத்தியாயம் இது), "தேவையான எல்லா நடவடிக்கைகளும்". இரண்டாவது இல்லாமல் கண்டனமும் கவலையும் மட்டும் இருந்தால் அது படை அனுமதி அல்ல. செய்தித் தலைப்பை நம்பாமல் தீர்மானத்தையே திறந்து படியுங்கள்.

லிபியா பற்றிய 1973ஆம் எண் தீர்மானம் இதற்கு முக்கியமான பாடம். 2011 மார்ச் 17 அன்று 10 பேர் ஆதரித்தார்கள். ரஷ்யா, சீனா, இந்தியா, ஜெர்மனி, பிரேசில் ஒதுங்கின. பொதுமக்களைக் காக்கத் தேவையான எல்லா நடவடிக்கைகளையும் அது அனுமதித்தது. எந்த வடிவிலும் வெளிநாட்டு ஆக்கிரமிப்புப் படை கூடாது என்றது. ஆட்சி மாற்றம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் மேற்கு நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோவின் நடவடிக்கை கடாஃபி ஆட்சி விழும்வரை போனது. அனுமதி எல்லை மீறப்பட்டது என்று ரஷ்யாவும் சீனாவும் கூறின. அந்த அக்டோபரிலேயே சிரியா அரசைக் கண்டிக்கும் வரைவை, அதில் படை அனுமதி எதுவும் இல்லாதபோதும், இரண்டும் வீட்டோ செய்தன. அவற்றுக்கு வேறு நலன்களும் இருந்தன, உண்மைதான். என்றாலும் ஓர் அனுமதியை இழுத்து நீட்டினால் அடுத்த அனுமதி கிடைப்பது கடினமாகிறது. அதன் விலையைக் கொடுப்பவர்கள் அடுத்த போரில் சிக்கும் மக்கள்.

மூன்றாவது, பிரிவு 51 சொல்லும் தற்காப்பு. ஆயுதத் தாக்குதல் நடந்திருக்க வேண்டும். எடுத்த நடவடிக்கையை உடனே கவுன்சிலுக்கு அறிவிக்க வேண்டும். 2014 செப்டம்பரில் ஐ.எஸ். அமைப்பைச் சிரிய மண்ணில் தாக்கியபோது அமெரிக்கா இந்த வழியைக் காட்டியது: ஈராக் உதவி கேட்டது, சிரியாவுக்கோ தன் மண்ணிலுள்ள அந்த அமைப்பைத் தடுக்க முடியவில்லை அல்லது விருப்பமில்லை என்று. இந்த வாதத்தைப் பல நாடுகள் ஏற்கவில்லை.

ஓர் அரசு தன் மக்களைக் காக்கத் தவறினால் உலக நாடுகள் காக்க வேண்டும் என்ற "காக்கும் பொறுப்பு" கொள்கை நான்காவது வழி என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. 2005 உலக உச்சி மாநாட்டு ஆவணத்தின் 138, 139ஆம் பத்திகள் இனப்படுகொலை, போர்க்குற்றம், இனச்சுத்திகரிப்பு, மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் ஆகிய நான்குக்கு மட்டும் பொருந்தும். அங்கும் படை நடவடிக்கை பாதுகாப்பு கவுன்சில் வழியாகத்தான். 1999இல் நேட்டோ கொசோவோ மக்களைக் காக்க என்று அப்போதைய யூகோஸ்லாவியா மீது 78 நாள் குண்டுவீசியபோது கவுன்சில் அனுமதி இல்லை. அதைச் சர்வதேச ஆணையம் ஒன்று பின்னர் சட்டவிரோதமானது, ஆனால் நியாயமானது என்று மதிப்பிட்டது. அந்த இரண்டாம் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவது நேர்மையல்ல.

சர்வதேச அனுமதி கிடைத்தாலும் படை அனுப்பும் நாட்டின் சொந்தச் சட்டம் தனி. அமெரிக்காவின் 1973 போர் அதிகாரத் தீர்மானப்படி அதிபர் 48 மணி நேரத்தில் காங்கிரஸுக்கு அறிவிக்க வேண்டும். ஒப்புதல் இல்லாவிட்டால் 60 நாளில் நிறுத்த வேண்டும், பாதுகாப்பாகத் திரும்ப இன்னும் 30 நாள். ஆனால் லிபியாவில் கெடு முடிந்தபோது, நடப்பது "மோதல்" என்ற சொல்லின் பொருளுக்குள் வராது என்று ஒபாமா நிர்வாகம் வாதிட்டுத் தொடர்ந்தது. பிரிட்டனில் வாக்கெடுப்பு மரபு மட்டுமே. 2013 ஆகஸ்ட் 29 அன்று சிரியா நடவடிக்கையை 285க்கு 272 என நாடாளுமன்றம் தோற்கடித்தது, அரசும் பணிந்தது; 2018 ஏப்ரலில் வாக்கெடுப்பே இல்லாமல் சிரியா தாக்கப்பட்டது.

ஜெர்மனியின் 2005 சட்டம் இவற்றைவிடக் கறாரானது. நாடாளுமன்றத்தின் முன்னொப்புதலுக்கு அரசு வைக்கும் விண்ணப்பத்தில் பணி என்ன, எந்தப் பகுதியில், எந்தச் சட்ட அடிப்படையில், அதிகபட்சம் எத்தனை வீரர்கள், எவ்வளவு காலம், எவ்வளவு செலவு என்பதெல்லாம் இருக்க வேண்டும். நாடாளுமன்றம் அதை ஏற்கலாம், மறுக்கலாம், திருத்த முடியாது. கொடுத்த ஒப்புதலைப் பின்னர் திரும்பப் பெறவும் முடியும்.